கண்ணில் படாத இடத்தில் வீடியோ நாய்ஸை ஒளிப்பது எப்படி?

மங்கலான வெளிச்சத்தில் எடுத்த வீடியோவை டீநாய்ஸ் ஃபில்டரில் போட்டு அளவைக் கூட்டினால் நாய்ஸ் எனப்படும் புள்ளிகள் போய்விடும். கூடவே தோலின் நயம், சட்டையின் நெசவு, தலைமுடி எல்லாம் போய், ஆள் மெழுகுப் பொம்மை மாதிரி நிற்பார். ஃபில்டரே வேண்டாம் என்று அப்படியே என்கோட் செய்தாலும் (சுருக்கிக் கோப்பாக்கினாலும்) வம்புதான். நாய்ஸ் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுசாக வருவதால் முந்தைய ஃபிரேமை வைத்து அதை ஊகிக்க என்கோடருக்கு வழியில்லை. பிட்ரேட்டில் (வினாடிக்கு ஒதுக்கிய தரவளவில்) பெரும்பங்கைப் புள்ளிகளே தின்றுவிட்டு முகத்துக்கு மிச்சம் வைக்காது.

நல்லவேளையாக, வெறும் சுவரில் உறுத்துகிற அதே நாய்ஸ் புல்தரையில் இருப்பதே தெரியாது. ஆகவே கண் எங்கே கண்டுபிடிக்குமோ அங்கே மட்டும் துடைத்தால் போதும். எங்கே கண்டுபிடிக்கும் என்பதற்கு ஒரு வரைபடம் போட வேண்டும். அதை எண்களோடு போடுவதுதான் இங்கே வேலை.

தேவையானவை: எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவி, பைத்தானும் அதில் நம்பை, ஓப்பன்சிவி நூலகங்களும், ஸ்டாண்டில் வைத்து வீட்டுக்குள் எடுத்த 10 வினாடி 1080பி கிளிப் ஒன்று. கிளிப்பில் ஒரு வெறும் சுவர், ஓர் இருட்டு மூலை, ஒரு முகம், கட்டம் போட்ட சட்டை மாதிரி நெருக்கமான வேலைப்பாடு ஏதாவது ஒன்று இருந்தால் நான்கு விதச் சோதனையும் அதிலேயே முடிந்துவிடும்.

முதலில் தூரம்

கண்ணுக்குப் பிக்சல் கணக்குத் தெரியாது, கோணம்தான் தெரியும். பார்க்கும் தூரத்தைத் திரையின் உயரத்தால் வகுங்கள். வருவதை 1080ஆல் பெருக்கி, பிறகு 0.01745ஆல் பெருக்குங்கள். ஒரு பாகைக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பது கிடைத்துவிடும். 43 அங்குல டிவியின் திரை உயரம் ஏறத்தாழ 53.5 செ.மீ. அதை 171 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்த்தால் பாகைக்கு 60 பிக்சல். 15.6 அங்குல லேப்டாப்பை 50 செ.மீ. தூரத்தில் பார்த்தால் 49. 6.5 அங்குல போனைப் படுக்கவைத்து 30 செ.மீ.யில் பிடித்தால் 83 வரை போகும். எண் குறையக் குறைய ஒவ்வொரு பிக்சலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். போனில் சுத்தமாகத் தெரிந்த வீடியோ லேப்டாப்பில் காலை வாருவது இதனால்தான். உங்கள் பார்வையாளர்களில் யாருக்கு இந்த எண் மிகக் குறைவோ அவரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இந்த எண் எதற்கு? கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் கோடுகளைக் காட்டினால், ஒரு பாகைக்குள் 3 முதல் 5 சோடி வரை இருக்கும்போதுதான் கண் மிக மெல்லிய வேறுபாட்டையும் பிடிக்கும். அதைவிடப் பொடியாகப் போகப் போகத் திறன் சரிந்து, 50, 60 சோடிக்கு மேல் வெறும் சாம்பல்தான். பாகைக்கு 60 பிக்சல் இருக்கும் இடத்தில் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் மாறும் பொடி நாய்ஸ் 30 சோடி ஆகிறது. கண் அங்கே பலவீனம். ஆனால் 8 பிக்சல் அகலத் திட்டுகள் 16 பிக்சலுக்கு ஒரு சோடி, அதாவது பாகைக்கு 3.75. கண்ணின் கூர்மையான இடத்தில் நேராகப் போய் உட்காரும்.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது. லேசான பிளர் ஃபில்டர் பொடியைத் துடைத்துவிட்டுத் திட்டுகளை விட்டுவைக்கும். அளந்தால் நாய்ஸ் குறைந்திருக்கும், பார்த்தால் கூடியிருக்கும். பிட்ரேட் பற்றாமல் 8×8 கட்டங்கள் தெரியும் வீடியோ அவ்வளவு அசிங்கமாக இருப்பதும் இதே கணக்குதான்.

நாய்ஸை அளப்பது

அசையாத காட்சியில் இரண்டு ஃபிரேம்களைக் கழித்து, வித்தியாசத்தின் திட்டவிலக்கத்தை 1.414ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமின் நாய்ஸ் கிடைக்கும். ஒரே ஃபிரேமில் அளந்தால் சுவரின் சொரசொரப்பும் நாய்ஸ் கணக்கில் சேர்ந்துவிடும். அடுத்தடுத்த ஃபிரேம்களை எடுக்காதீர்கள். கேமராவே ஃபிரேம்களைக் கலந்து நாய்ஸைக் குறைத்திருக்கும், அதன் என்கோடர் சில கட்டங்களை முந்தைய ஃபிரேமிலிருந்து அப்படியே நகலெடுத்திருக்கும். இரண்டும் சேர்ந்து எண்ணைப் பொய்யாகக் குறைத்துவிடும். ஐந்தாறு ஃபிரேம் இடைவெளி விடுங்கள். யாராவது கையை ஆட்டியிருந்தால் திட்டவிலக்கம் கெட்டுப்போகும். வித்தியாசங்களின் தனி மதிப்புகளுக்கு இடைநிலை கண்டுபிடித்து அதை 1.4826ஆல் பெருக்குவது அதற்கு மாற்று. கொஞ்சம் அசைவு இருந்தாலும் இது தாங்கும்.

ஒரே எண்ணாக எடுக்காமல், லூமா (பிக்சலின் வெளிச்ச அளவு) 0–15, 16–31 என்று 16 படிகளாகப் பிரித்துத் தனித்தனியே எடுங்கள். இருட்டிலும் வெளிச்சத்திலும் நாய்ஸ் ஒன்றாக இருக்காது. இந்த அட்டவணையைச் சிக்மா என்று வைத்துக்கொள்வோம்.

கண்ணின் எல்லையை வரைவது

ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு மாற்றம் வரை கண்ணுக்குத் தட்டுப்படாது என்பதுதான் எல்லை. இதற்குப் பல மாதிரிகள் உண்டு. தொடங்குபவர்களுக்கு சௌ, லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1995இல் தந்த சூத்திரம் போதும். 8 பிட் படத்தில், பிக்சலைச் சுற்றியுள்ள 5×5 கட்டத்தின் சராசரி லூமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 127 அல்லது அதற்குக் குறைவு என்றால், அதை 127ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, 1லிருந்து கழித்து, 17ஆல் பெருக்கி, 3 கூட்டுங்கள். 127க்கு மேல் என்றால், 127ஐக் கழித்து, 128இல் 3 பங்கால் பெருக்கி, 3 கூட்டுங்கள். லூமா 0இல் எல்லை 20, 32இல் 11.5, 64இல் கிட்டத்தட்ட 8, 127இல் 3, 255இல் 6 என்று வரும். நடுச்சாம்பலில்தான் கண் மிகக் கறார்.

இருட்டுப் பக்கத்து எண்களை அப்படியே நம்ப வேண்டாம். கண்ணாடிக் குழாய்த் திரை இருந்த காலத்து மாதிரி இது. இன்றைய ஓலெட் திரையை விளக்கணைத்த அறையில் பார்ப்பவருக்கு லூமா 20இல் 13 அளவு நாய்ஸ் நன்றாகவே தெரியும். எல்லை 7ஐத் தாண்டாமல் வெட்டிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்கப்படும் வீடியோ என்றால் 10 வரை விடலாம்.

அடுத்தது வேலைப்பாடு. ஓப்பன்சிவியில், பக்கத்துப் பிக்சல்களுக்கிடையே வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் சாய்வு ஃபில்டர்களை நான்கு திசையிலும் ஓட்டி, ஒவ்வொரு பிக்சலிலும் பெரியதை எடுத்து 0.117ஆல் பெருக்குங்கள். ஓரங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும். தெளிவான ஓரத்தின் ஒரு பக்கம் வெறும் சுவராக இருந்தால், அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் நாய்ஸ் ஒளியாது, கொசு மொய்ப்பது போலத் தெரியும். அதனால் கேன்னி ஓரக் கண்டுபிடிப்பானை ஓட்டி, வந்த கோடுகளை லேசாகப் பிளர் செய்து, அந்த இடங்களில் வேலைப்பாட்டு எண்ணைக் குறைத்துவிடுங்கள்.

வெளிச்ச எல்லையையும் வேலைப்பாட்டு எல்லையையும் வெறுமனே கூட்டினால் அதிகமாகிவிடும். இரண்டையும் கூட்டி, இரண்டில் சிறியதன் 0.3 பங்கைக் கழிப்பது வழக்கம். கட்டம் போட்ட சட்டையில் லூமா 70, சாய்வு 60 என்று வைப்போம். வெளிச்ச எல்லை 7.4, அதை 7க்கு வெட்டுகிறோம். வேலைப்பாடு 60 × 0.117, ஏறத்தாழ 7. மொத்தம் 14, கழிக்க வேண்டியது 2.1, மிச்சம் 11.9. பக்கத்தில் லூமா 127 சுவரில் சாய்வு ஏதுமில்லை, எல்லை வெறும் 3. ஒரே ஃபிரேமில், கையெட்டும் தூரத்தில், நான்கு மடங்கு வித்தியாசம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாய்ஸ் உள்ள ஃபிரேமிலேயே சாய்வைக் கணக்கிட்டால் நாய்ஸையே வேலைப்பாடு என்று எடுத்துக்கொள்ளும். ‘இங்கே நெசவு இருக்கிறது, நாய்ஸை விட்டுவை’ என்று வெறும் சுவரைப் பார்த்து வரைபடம் சொல்லும். கேன்னியோ சுவர் முழுக்கக் கோடு கிறுக்கும். ஒருமுறை பலமாகத் துடைத்த பிரதியில்தான் வரைபடத்தைக் கணக்கிட வேண்டும்.

வரைபடம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. சுத்தமான, நல்ல வெளிச்சத்தில் எடுத்த வேறு ஒரு கிளிப்பை எடுத்து, அதற்கும் எல்லை வரைந்து, ஒவ்வொரு பிக்சலிலும் எல்லையின் அளவை கூட்டலாகவோ கழித்தலாகவோ குருட்டாம்போக்கில் சேருங்கள். இன்னொரு பிரதியில் மொத்த வர்க்கப் பிழை அதே அளவு வருமாறு எல்லா இடத்திலும் சமமாகச் சேருங்கள். வர்க்கப் பிழையை மட்டும் வைத்துத் தரத்தை அளக்கும் பிஎஸ்என்ஆர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். முதலாவது மூலத்தோடு ஒத்தும் இரண்டாவது புழுதியடித்தும் தெரிந்தால் வரைபடம் வேலை செய்கிறது. முதலாவதிலும் எங்காவது தெரிந்தால், அந்த இடத்தின் எண் கூடுதல்.

துடைப்பதும் கலப்பதும்

நிறத்திலிருந்து தொடங்குங்கள். நிற வேறுபாட்டைக் கண் பொடியாகப் பார்க்காது. 4:2:0 வீடியோவில் நிறத்துக்கு நான்கில் ஒரு பங்கு பிக்சல் மட்டும் வைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் பெரிய நிறத் திட்டுகள் விஷயத்தில் கண் லூமாவைப் போலத் தளராது. இருட்டுச் சுவரில் ஊதாவும் பச்சையுமாக மேகம் நகர்வது போலத் தெரிவது இந்தத் திட்டுகள்தான். நிறத்தைத் தைரியமாகத் துடைக்கலாம். எல்லை மீறினால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கசியும், அதுதான் நிறுத்த வேண்டிய இடம்.

எஃப்எஃப்எம்பெக்கின் எச்க்யூடிஎன்3டி ஃபில்டர் நான்கு எண் கேட்கும்: லூமா இடம், நிறம் இடம், லூமா காலம், நிறம் காலம் (இடம் என்றால் ஒரே ஃபிரேமுக்குள், காலம் என்றால் ஃபிரேம்களுக்கு இடையே). ஒன்றும் தராவிட்டால் 4, 3, 6, 4.5. நிறத்தை மட்டும் துடைக்கலாம் என்று லூமாவுக்கு 0 கொடுத்துவிடாதீர்கள். 0 என்பதை ‘எண் தரவில்லை’ என்று அது எடுத்துக்கொண்டு 4ஐப் போட்டுவிடும். 0.1 கொடுங்கள். 0.1, 5, 0.1, 8 என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

லூமாவுக்கு எஃப்எஃப்எம்பெக்கின் இன்னொரு ஃபில்டரான என்எல்மீன்ஸ் நன்றாக வரும், ஆனால் ஆமை வேகம். பலம் 3 அல்லது 4 வைத்து ஒரு வினாடி கிளிப்பில் சோதித்துவிட்டு முழுசாக ஓட்டுங்கள். அசைவு குறைவான காட்சி என்றால் அதிலேயே உள்ள ஏடிஏடீநாய்ஸ் ஃபில்டர் போதும். வழக்கமாக 9 ஃபிரேம்களைச் சராசரி எடுக்கும், தொடர்பில்லாத நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகும். காலச் சராசரியில் பேராசை பட்டால் ஆட்டும் கைக்குப் பின்னால் பேய் போல இன்னொரு கை தெரியும். எந்த ஃபில்டரானாலும் ஷார்ப் செய்வதற்கும் அளவு மாற்றுவதற்கும் முன்னால் ஓட வேண்டும். அவை நாய்ஸைப் பரப்பித் திட்டாக்கிவிட்டால் பிறகு எந்த ஃபில்டருக்கும் அது பிடிபடாது.

இப்போது கையில் இரண்டு பிரதிகள்: மூலமும், பலமாகத் துடைத்ததும். எல்லையை இரண்டு மடங்கு சிக்மாவால் வகுங்கள். 1க்கு மேல் வந்தால் 1 என்று வையுங்கள். அதுதான் அந்தப் பிக்சலில் மூலத்தின் பங்கு, மீதி துடைத்த பிரதியின் பங்கு. சிக்மா 5 என்றால் சுவரில் 3 ÷ 10, மூலம் 30 சதவீதம். சட்டையில் 11.9 ÷ 10, ஒன்றைத் தாண்டுகிறது, தொடவே வேண்டாம். நெசவு முழுசாக நிற்கும், சுவரில் மிஞ்சும் நாய்ஸ் 1.5, அதன் இரு மடங்கு எல்லைக்குள் அடங்கிவிடும்.

கலக்கும் வரைபடத்தை அப்படியே பயன்படுத்தினால் வெட்டு வெட்டாகத் தெரியும். 8 பிக்சல் அளவு காஸியன் பிளர் கொடுங்கள். காலத்திலும் மென்மையாக்க வேண்டும்: புது வரைபடத்துக்கு 0.2 பங்கு, பழசுக்கு 0.8 பங்கு. இதை மறந்தால் நாய்ஸ் கூடிக் குறைந்து சுவர் மூச்சு விடும். காட்சி மாறும் இடத்தில் மட்டும் பழைய வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வெட்டு விழுந்த முதல் இரண்டு மூன்று ஃபிரேம்களில் கண் தடுமாறிக்கொண்டிருக்கும், அதற்குள் வரைபடம் நிலைக்கு வந்துவிடும்.

8 பிட்டுக்கு இறங்கும்போது

மேலே சொன்ன கணக்கு முழுவதையும் 16 பிட்டிலோ தசம எண்ணிலோ செய்யுங்கள். துடைத்த சுவர் வழவழப்பாக இருக்கும். அதை 8 பிட்டுக்கு வெறுமனே முழுமையாக்கினால் வெளிச்சம் படிப்படியாகக் குறையும் இடத்தில் வரைபட நூலின் உயரக்கோடுகள் மாதிரி பட்டைகள் எழும்பும். நாய்ஸ் போனபின் பேண்டிங் வந்துவிட்டது என்று பலர் புலம்புவது இதைத்தான். அதுவரை அந்தப் பட்டைகளை மறைத்துக்கொண்டிருந்ததே நாய்ஸ்தான்.

மருந்தும் அதே நாய்ஸ்தான், அளந்து கொடுத்தால். முழுமையாக்கும் முன் சிறு குருட்டு எண்ணைச் சேர்த்தால் பட்டை உடைந்துபோகும் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962இலேயே காட்டினார். இதற்கு டிதரிங் என்று பெயர். இன்று அதற்குச் சிறந்த எண்வரிசை நீல நாய்ஸ். அதில் திட்டுகளே இருக்காது, ஆற்றல் எல்லாம் பொடியில், கண் பலவீனமாக இருக்கும் பக்கத்தில். 64×64 நீல நாய்ஸ் ஓடு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் குருட்டாம்போக்கில் நகர்த்திப் பரப்புங்கள். முழுமையாக்கும் பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்குத் தள்ளும் ஃபிளாய்டு–ஸ்டெயின்பெர்க் முறை நிழற்படத்துக்கு அழகு, வீடியோவில் ஒரு பிக்சல் மாறினாலும் கீழே உள்ள கோலம் மொத்தமும் மாறி நெளியும்.

நகர்த்துவது ஏன் முக்கியம் என்றால், கண் ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி வெளிச்சத்தைச் சேர்த்துப் பார்க்கிறது. 60 ஃபிரேம் வீடியோவில் ஆறு ஃபிரேம்கள் கண்ணுக்குள்ளேயே சராசரியாகிவிடும், நாய்ஸ் பாதிக்கும் கீழே இறங்கும். 25 ஃபிரேமில் இந்தச் சலுகை குறைவு. நகராமல் நிற்கும் நாய்ஸுக்கோ சலுகையே கிடையாது, அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கின் நாய்ஸ் ஃபில்டரில் கால மாற்றத்துக்கான ‘டி’ கொடியைப் போடாவிட்டால் கிடைப்பது இதுதான். துடைத்த இடம் பிளாஸ்டிக் போலத் தெரிந்தால் நடு வெளிச்சங்களில் சிக்மா 1 அல்லது 1.5 அளவு கிரெயின் (வேண்டுமென்றே சேர்க்கும் பொடி நாய்ஸ்) சேர்க்கலாம். லூமாவில் மட்டும், முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் விட்டுவிட்டு.

என்கோடரிடம் ஒப்படைத்தல்

எச்.264 வீடியோ தயாரிக்கும் எக்ஸ்264 என்ற என்கோடர் தன் பங்குக்கு ஒரு சின்னக் கண் மாதிரியை வைத்திருக்கிறது. ஏக்யூ என்பது அதன் பெயர். வழவழப்பான கட்டங்களுக்கு அதிக பிட், நெருக்கமான வேலைப்பாட்டுக்குக் குறைவு. ஆனால் அது கட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே பார்ப்பதால் நாய்ஸ் சுவரை வேலைப்பாடு என்று நினைத்து பிட்டைப் பிடுங்கிவிடும். நாம் முன்னால் செய்த துடைப்பின் பெரிய லாபமே இதைத் தடுப்பதுதான். ஏக்யூ மோட் 3 இருட்டுக்குக் கூடுதல் பிட் தரும், இரவுக் காட்சிக்கு அதையே வையுங்கள், பலம் 0.8. சிஆர்எஃப் என்ற தர எண் (குறைந்தால் தரமும் கோப்பின் அளவும் கூடும்) வழக்கமாக 23, இங்கே 18 முதல் 20. சைக்கோ-ஆர்டி இரண்டு எண் கேட்கும், 1.0, 0.15 கொடுங்கள். பிழையைக் குறைக்க என்கோடர் தேர்ந்தெடுக்கும் சுலப வழி பிளர் செய்வது. நெசவின் துடிப்பு தொலைந்தால் அபராதம் என்று இது சொல்கிறது. கட்டங்களின் விளிம்பை மழுப்பும் டீபிளாக்குக்கு இரண்டு எண்களும் -1. கிரெயின் டியூன் என்ற தயார் அமைப்பு ஏக்யூ பலத்தை 0.5க்கு இறக்கி, டீபிளாக்கை -2க்குக் கொண்டுபோகும், கோப்பு நன்றாகவே பருக்கும். கிரெயினைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்றால் மட்டும் அது.

சிஆர்எஃப் 23க்கு மேலே போனால் நாம் போட்ட டிதரிங் அழிந்து பட்டை திரும்பிவிடும். பார்ப்பவரின் கருவி தாங்கும் என்றால் எச்.264க்கு அடுத்த தலைமுறையான எச்இவிசியில் 10 பிட் நல்ல தப்பிக்கும் வழி. 10 பிட் எச்.264ஐப் பெரும்பாலான டிவிகளும் போன்களும் ஏற்பதில்லை.

ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவம் இந்தத் தந்திரத்தின் உச்சம். கிரெயினை அனுப்பாமல் அதன் விவரக்குறிப்பை மட்டும் அனுப்புகிறது. பார்ப்பவரின் டீகோடர் அந்தக் குறிப்பிலிருந்து ஒரு 64×64 கிரெயின் துண்டைத் தயாரித்து, 32×32 கட்டங்களாக ஆங்காங்கே வெட்டி ஒட்டும். இந்த வெளிச்சத்துக்கு இவ்வளவு என்ற அட்டவணையும் குறிப்பில் உண்டு. எஸ்விடி-ஏவி1 என்ற என்கோடரில் இந்த அளவு 0 முதல் 50 வரை, வீட்டு வீடியோவுக்கு 8க்கு மேல் தேவைப்படாது. கையால் கிரெயின் சேர்த்துவிட்டு இதையும் போட்டால் இரண்டு தடவை கிரெயின் விழும்.

பார்த்து உறுதி செய்தல்

வீடியோவை நிறுத்திவைத்துப் பார்க்காதீர்கள். நிறுத்தினால் காலச் சராசரி போய், எல்லா வீடியோவும் மோசமாகத்தான் தெரியும். மூலத்தோடு ஒப்பிட்டுத் தரத்துக்கு மதிப்பெண் போடும் விஎம்ஏஎஃப், எஸ்எஸ்ஐஎம் எண்களும் இங்கே ஏமாற்றும், நாய்ஸ் நிறைந்த மூலத்தோடு ஒப்பிட்டு ‘மாறிவிட்டது’ என்று மதிப்பெண் குறைக்கும். முதலில் கணக்கிட்ட தூரத்தில் உட்கார்ந்து, எது எது என்று தெரியாதபடி வேறு ஒருவரை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லிப் பாருங்கள். ஒருமுறை விளக்கு போட்டு, ஒருமுறை அணைத்து.

இன்னொன்றையும் செய்யுங்கள்: மூலத்திலிருந்து முடிவைக் கழித்து, 8ஆல் பெருக்கி, 128 கூட்டி ஒரு படமாக்குங்கள். சுவர்ப் பகுதியில் மணல் தூவியது போலவும் சட்டைப் பகுதியில் வெறும் சாம்பலாகவும் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் யாருடைய முகம் என்று அடையாளம் தெரிந்தால், நாய்ஸோடு முகத்தையும் துடைத்திருக்கிறீர்கள். என்எல்மீன்ஸ் பலத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

கோப்பை இணையத்தில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் அந்தத் தளம் அதை மறுபடி நசுக்கும். கையால் சேர்த்த கிரெயின் அந்த நசுக்கலில் 8×8 கட்டங்களாகத்தான் திரும்பி வரும். ஏற்றும் பிரதிக்குக் கிரெயின் வேண்டாம், சிஆர்எஃப் 14 அல்லது 15இல் பெரிய கோப்பாகக் கொடுங்கள்.